ஆராய்ச்சிப் புள்ளிகள்: வெளியிடுவதும் மீட்டுக்கொள்வதும்

(விவசாய விளக்க உத்தியோகஸ்தர் ஒருவர் எழுதியது)

புதிய விதை ஒன்றையோ புதிய உரம் ஒன்றையோ பற்றி நாம் எடுத்துச் சொல்லும்போது, "இதனால் ஏக்கருக்கு எவ்வளவு கூடும்?" என்று குடியானவர்கள் கேட்பது வழக்கம். அது நியாயமான கேள்வியே. அதற்கு என் போன்ற விளக்க உத்தியோகஸ்தர்கள் ஓர் எண்ணைச் சொல்லுகிறோம். அவ்வெண் எந்த வயலில், எந்தப் பட்டத்தில், எத்தனை சென்ட் நிலத்தில் கண்டது என்றும், பிற்பாடு அது பிழையென்று தெரியவந்தால் அதை எவ்வாறு திருத்துவார்கள் என்றும் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இக்காலத்தில் உலகெங்கும் விஞ்ஞானிகள் தங்கள் சோதனைப் புள்ளிகளைப் பொதுக் களஞ்சியங்களில் வைத்து வெளியிடுகிறார்கள். அங்கே அவை வெளியாகும் முறையையும், தவறு நேர்ந்தால் மீட்டுக்கொள்ளப்படும் முறையையும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

ஒரு பிழையின் வரலாறு

இவ்விஷயத்தில் எனக்குக் கவனம் பிறந்த காரணத்தை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் மானாவாரி நிலக்கடலையில் ஒரு நுண்ணூட்டக் கலவையைச் சோதித்தோம். அடுத்தடுத்த இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் 5 சென்ட். கலவை இட்ட துண்டில் காய்ந்த காய் 45 கிலோ. இடாத துண்டில் 44 கிலோ. கணக்கெழுதும்போது கலவை இட்ட துண்டின் பரப்பை 4 சென்ட் என்று நான் பிசகாக எழுதிவிட்டேன். அதனால் ஏக்கருக்கு 1,125 கிலோ என்றும், இடாததற்கு 880 கிலோ என்றும் அட்டவணையில் ஏறியது. உண்மையில் முதலாவது 900 கிலோதான். ஏக்கருக்கு 20 கிலோ வித்தியாசம் என்பது தராசின் பிசகிலும் மண்ணின் ஏற்றத்தாழ்விலும் அடங்கிவிடக் கூடியது. அட்டவணையோ 245 கிலோ கூடும் என்று சொல்லிற்று.

அட்டவணை துண்டுப்பிரசுரமாக அச்சாகிக் கூட்டத்தில் வழங்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குப் பின் பிழையைக் கண்டு, திருத்திய தாளை அச்சிட்டு வழங்கினேன். காரியம் முடிந்தது என்றே எண்ணினேன். மூன்றாம் ஆண்டு அதே ஊரில் வயதான மிராசுதார் ஒருவர், தமது வரவு செலவு நோட்டின் நடுவிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஐயா, இது தாங்கள் கொடுத்த தாள்தானே? இரண்டு வருஷமாக மூன்று ஏக்கருக்கும் இதில் சொன்னபடியே வாங்கிப் போடுகிறேன். ஒன்றும் கூடக் காணோமே; நான் போடும் முறையில் ஏதேனும் தவறு உண்டா?" என்று கேட்டார். அது முதல் தாள். திருத்திய தாளை அவர் கண்டதே இல்லை. தம் கைம்முதல் போனது என் எழுத்துப் பிசகினால் என்று அறியாமல், தம்மிடமே குறை இருக்குமோ என்று அவர் கவலைப்பட்டார். தவறு என்னுடையது என்று அவரிடம் அன்றே சொன்னேன்.

பிற்பாடு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் எண் இல்லை, தேதி இல்லை, துண்டின் பரப்பு இல்லை, "இது இன்னும் செல்லுமா?" என்று விசாரிப்பதற்கு ஓர் இடமும் குறிக்கப்படவில்லை. மூலக்கணக்கைக் காட்டியிருந்தால், 45 கிலோவுக்கும் 5 சென்டுக்கும் பெருக்கல் தெரிந்த எந்தக் குடியானவரும் அதே கூட்டத்தில் பிழையைக் கண்டிருப்பார். இந்த நான்கு குறைகளையும் தீர்ப்பதற்கென்றே விஞ்ஞானக் களஞ்சியங்கள் ஏற்பட்டிருக்கின்றன என்பதை அதன்பின் படித்தறிந்தேன்.

களஞ்சியம் என்பது யாது?

முன்னாட்களில் ஆராய்ச்சி செய்தவர் தம் முடிவை மட்டும் சஞ்சிகையில் எழுதுவார். அம்முடிவுக்கு ஆதாரமான மூலப்புள்ளிகள் அவருடைய நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடும். அவர் வேலையை விட்டு நீங்கினாலோ காலமானாலோ நோட்டும் மறைந்துவிடும். புள்ளிகளைப் பாதுகாப்பதன் பயனுக்கு விவசாயத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. இங்கிலாந்து தேசத்து ராத்தம்ஸ்டெட் பண்ணையில் பிராட்பாக் என்னும் வயலில் 1843-ஆம் ஆண்டு முதல் கோதுமைச் சோதனை நடந்து வருகிறது. எரு இடாத பாத்தி, தொழுவெரு இட்ட பாத்தி, ரசாயன உரமிட்ட பாத்தி என்று பிரித்து விளைச்சலைக் குறித்து வருகிறார்கள். லாஸ், கில்பர்ட் என்ற இருவர் தொடங்கிய அக்கணக்கு இன்று களஞ்சியப் பதிவாக, நிலையெண்ணுடன், இன்டர்நெட் வழியே பிறர் எடுத்தாளும்படி வைக்கப்பட்டிருக்கிறது. நமது தேசத்தில் ஹைதராபாத்தை அடுத்த பட்டாஞ்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் சர்வதேச மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் தன் சோதனைப் புள்ளிகளை இவ்விதமே ஒரு களஞ்சியத்தில் வைத்து வெளியிட்டு வருகிறது.

இவற்றுள் எத்துறையினருக்கும் பொதுவான ஒன்றை உதாரணமாகக் கொண்டு முறையை விளக்குவோம். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் ஜெனீவா நகரை அடுத்து, பிரெஞ்சு எல்லையில், செர்ன் என்ற ஐரோப்பிய அணு பௌதிக ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அது 1954-இல் ஏற்பட்டது. அக்கூடத்தார் ஐரோப்பியக் கமிஷனின் ஆதரவோடு 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஸெனோடோ' என்ற களஞ்சியத்தைத் திறந்தார்கள். பழைய அலெக்ஸாண்டிரியாப் புத்தகசாலையின் முதல் அதிபரான ஸெனோடோட்டஸ் என்பவரின் பெயரைத் தழுவியது இப்பெயர். ஒவ்வொரு சுவடியுடனும் அதைப் பற்றிய விவரக் குறிப்பு ஒன்றை இணைக்கும் வழக்கத்திற்கு அவரை முன்னோடியாகச் சொல்வதுண்டு. எந்தத் தேசத்து ஆராய்ச்சியாளரும், எத்துறைப் புள்ளிகளையும், கட்டணமின்றி இங்கே வைக்கலாம்.

பதிவு வெளியாகும் முறை

முதலாவதாக, ஆராய்ச்சியாளர் தம் பெயரில் கணக்கு ஒன்றைத் திறந்து கோப்புகளை ஏற்றுகிறார். சாதாரணமாக ஒரு பதிவில் 100 கோப்புகள் வரையில், மொத்தம் 50 ஜிகாபைட் அளவுக்கு ஏற்றலாம். ஒரே பெயருடையவர் பலர் இருப்பதால் உண்டாகும் குழப்பத்தை நீக்க, ஆர்க்கிட் என்னும் 16 இலக்க ஆள் எண்ணையும் சேர்ப்பதுண்டு. இவ்வெண் முறை 2012-இல் வழக்கத்துக்கு வந்தது.

இரண்டாவதாக, விவரக் குறிப்பை எழுதுகிறார். தலைப்பு, சேகரித்தவர்கள் பெயர், தேதி, புள்ளிகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்னும் விளக்கம், பிறர் அவற்றை எந்த நிபந்தனையின் பேரில் உபயோகிக்கலாம் என்னும் அனுமதி, தொடர்புள்ள கட்டுரை யாது என்னும் குறிப்பு ஆகியவை இதில் அடங்கும். விவரக் குறிப்பு இல்லாத புள்ளிகள் ரகச்சீட்டு இல்லாத விதை மூட்டையைப் போன்றவை. உள்ளே நல்ல சரக்கே இருப்பினும் எடுத்து விதைக்க ஒருவருக்கும் தைரியம் வாராது.

மூன்றாவதாக, யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறார். எல்லோரும் பார்க்கலாம் என்று விடலாம். அனுமதி பெற்றவர் மட்டும் பார்க்கலாம் என்று வரையறுக்கலாம். குறித்த ஒரு தேதி வரையில் மூடிவைத்துப் பிறகு திறக்கலாம். மனிதர்களைப் பற்றிய விவரம் இருந்தால் இவ்விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும்.

இதுவரை அது வரைவுதான். வரைவை அவர் இஷ்டம்போல் திருத்தலாம். முழுவதும் கிழித்தெறிவதுபோல் நீக்கியும் விடலாம். வெளியிடும் பொத்தானை அமுக்கியபின் நிலைமை மாறிவிடுகிறது. அப்பதிவுக்கு டி.ஓ.ஐ. என்ற நிலையெண் ஒன்று வழங்கப்படும். ஸெனோடோவின் எண்கள் எல்லாம் 10.5281 என்று தொடங்கும். இந்த எண்ணைப் பதிவு செய்வது டேட்டாசைட் என்ற சங்கம். அது 2009-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டனில் ஏற்படுத்தப்பட்டது. களஞ்சியத்தின் இன்டர்நெட் விலாசம் நாளைக்கு மாறினாலும், நிலையெண்ணைக் கொண்டு தேடுவோர் சரியான இடத்துக்கே கொண்டு விடப்படுவார்கள்.

அன்றியும், ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் குறிக்கப்படுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆகவே தமக்குக் கிடைத்த பிரதி, வெளியிட்ட பிரதியே தானா என்பதை எவரும் சோதித்துக்கொள்ளலாம்.

திருத்தம் வேறு, மீட்பு வேறு

வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால் என்ன செய்வது? இங்கே இரண்டு வழிகள் உள. அவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது.

புள்ளிகள் பொதுவில் சரியானவை, சில இடங்களில் மட்டும் பிசகு என்றால் திருத்திய பதிப்பை வெளியிடவேண்டும். பழைய கோப்பின்மேல் புதிய கோப்பை ஓசைப்படாமல் வைத்து மாற்றிவிடுவது இம்முறையில் சாதாரண வழக்கம் அன்று. புதிய பதிப்புக்குப் புதிய நிலையெண் கிடைக்கும். பழைய பதிப்பும் அதன் எண்ணோடு அங்கேயே இருக்கும். அதைத் திறப்பவர்களுக்கு, 'இதனினும் புதிய பதிப்பு உண்டு' என்னும் அறிவிப்பு மேலே தோன்றும். இவையன்றி எல்லாப் பதிப்புக்கும் பொதுவான எண் ஒன்றும் உண்டு. அதைக் கொண்டு தேடினால் எப்பொழுதும் கடைசிப் பதிப்புக்கே செல்லலாம். இவ்வேற்பாட்டை ஸெனோடோ 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கியது.

கிராம அதிகாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். சர்வே எண் மாறுவதில்லை. ஆனால் அந்தச் சர்வே எண்ணுக்கு ஒவ்வொரு பசலிக்கும் அடங்கலில் தனித்தனிப் பதிவு உண்டு. இந்தப் பசலியில் சோளம் என்று எழுதியதனால் சென்ற பசலியில் கம்பு என்று எழுதியதை யாரும் அழிப்பதில்லை. பொது எண் சர்வே எண்ணைப் போன்றது. பதிப்பெண் பசலிப் பதிவைப் போன்றது. ஒருவர் பழைய பதிப்பை ஆதாரமாகக் கொண்டு கட்டுரை எழுதியிருந்தால், அவர் எதைக் கண்டு எழுதினார் என்பதைப் பின்னால் வருவோர் அறிவதற்குப் பழைய பதிப்பு இருந்தே ஆகவேண்டும்.

இரண்டாவது வழி மீட்டுக்கொள்ளுதல். பதிவு முழுவதுமே நிற்கத் தகாதது என்றால்தான் இவ்வழியை நாடுவார்கள். பிறருக்கு உரிமையான புள்ளிகளை அனுமதியின்றி வைத்துவிடுதல், மனிதர்களின் பெயர், விலாசம், வியாதி முதலிய அந்தரங்க விவரங்கள் வெளிப்பட்டுவிடுதல், புள்ளிகள் பொய்யாகப் புனையப்பட்டவை என்று தெரிய வருதல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஒரு கிராமத்துக் கடன் விவரங்களை வீட்டு வாரியாகச் சேகரித்த ஒருவர், பெயர்களை நீக்க மறந்து அப்படியே வெளியிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்திய பதிப்பினால் மட்டும் சரிசெய்ய இயலாது. பழைய கோப்பை மக்கள் கண்ணிலிருந்து எடுத்தே தீரவேண்டும்.

ஸெனோடோவின் விதிப்படி மீட்பு என்பது அபூர்வமாகச் செய்யத்தக்க காரியம். சாதாரணமாக, பதிவை வைத்தவரே தக்க காரணம் காட்டிக் கோரவேண்டும். வேறு காரணத்தால் எடுக்க நேர்ந்தால், வைத்தவரைக் கண்டு சம்மதம் பெறுவதற்கு நியாயமான முயற்சி செய்வார்கள். எடுத்த பிறகு அவ்விடம் வெறுமையாக விடப்படுவதில்லை. அதே விலாசத்தில், அதே நிலையெண்ணின் கீழ், பதிவு மீட்டுக்கொள்ளப்பட்ட காரணத்தைக் குறிக்கும் ஒரு பக்கம் வைக்கப்படும். இதற்கு அவர்கள் 'கல்லறைக்கல்' என்று பொருள்படும் பெயரை வழங்குகிறார்கள். ஆள் போய்விட்டாலும், ஆள் இருந்தார் என்பதற்குக் கல் சாட்சி நிற்கிறது அன்றோ!

நிலையெண்ணின் விதியும் இதற்கு இசைந்ததே. டேட்டாசைட் முறையில் எண்ணுக்கு வரைவு, பதிவானது, தேடக்கிடைப்பது என்று மூன்று நிலைகள் உண்டு. வரைவை அழிக்கலாம். தேடக்கிடைக்கும் எண்ணை, தேடுதலில் அகப்படாதபடி பதிவு நிலைக்கு இறக்கலாம். ஆனால் அதை மறுபடியும் வரைவாக்கவோ அழிக்கவோ முடியாது. 2016-இல் விஞ்ஞானிகள் பலர் கூடி வெளியிட்ட 'ஃபேர்' எனப்படும் நெறிகளிலும், புள்ளிகள் கிடைக்காமற் போனாலும் அவற்றின் விவரக் குறிப்பு கிடைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது ஒரு நெறியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

பத்திரப்பதிவை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பதிவான பத்திரத்தை ஒருவர் ரத்து செய்ய வேண்டுமானால், புத்தகத்திலிருந்து ஏட்டைக் கிழிப்பதில்லை. ரத்துப் பத்திரம் என்று மற்றொன்றை எழுதிப் பதிவு செய்கிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பவருக்கு இரண்டும் தெரிகின்றன. கிழித்துவிட்டால் பழைய பத்திரத்தின் நகலை வைத்திருப்பவன் அதைச் செல்லுபடியானது என்று காட்டி ஏமாற்ற வழி ஏற்பட்டுவிடும். மீட்டுக்கொண்ட புள்ளிகளும் அப்படியே. சுவடு தெரியாமல் அழித்துவிட்டால், முன்னரே நகல் எடுத்தவர்களுக்கு அது தள்ளுபடியானது என்று அறிவிக்க வழியே இராது.

திறந்து வைத்ததன் பயன்

மூலப்புள்ளிகளை எல்லோரும் பார்க்கும்படி வைப்பதனால் விளையும் நன்மையை இரண்டு சம்பவங்கள் காட்டும்.

அமெரிக்க தேசத்தில் 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' என்ற உயிரியல் சஞ்சிகை, 2011 முதல் கட்டுரையாளர்கள் தங்கள் புள்ளிகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று விதித்தது. கூட்டமாய் வாழும் ஒரு சிலந்தி இனத்தின் குணங்களைப் பற்றி 2016-இல் அதில் வெளியான கட்டுரையின் புள்ளிகள், 'டிரையட்' என்னும் களஞ்சியத்தில் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து ஒருவர் அவற்றைப் பார்த்து, ஒரே எண் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கேட்டார். கட்டுரையாளர்களில் ஒருவர், புள்ளிகளைத் தாம் சேகரிக்காவிடினும், உட்கார்ந்து அவற்றை வரிவரியாகச் சோதித்தார். வேறு வேறு சிலந்திகளுக்கு விநாடியின் பின்னம் வரையில் ஒத்த அளவுகள் இருப்பதைக் கண்டார். அவற்றை இனி நம்புவதற்கில்லை என்று தீர்மானித்து, தம் பெயர் தாங்கிய கட்டுரையையே மீட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. புள்ளிகள் பெட்டியில் பூட்டிக் கிடந்திருந்தால் இப்பிழையை ஒருவரும் கண்டிருக்க முடியாது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, 'லான்செட்' என்ற பெயர்பெற்ற வைத்திய சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 671 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 96,032 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்ததாக அது கூறியது. ஹைட்ராக்ஸி குளோரோகுயின் என்னும் மருந்தினால் தீங்கு நேருகிறது என்று முடிவு கட்டியது. அதைக் கண்டு உலக சுகாதார ஸ்தாபனம் மே 25-இல் அம்மருந்தைப் பற்றிய தன் சோதனையைத் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆனால் மூலப்புள்ளிகள் எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. ஒரு தனியார் கம்பெனியின் வசம் இருந்தன. சுதந்திரமாகச் சோதிக்க வந்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்கக் கம்பெனி மறுத்துவிட்டது. ஆதாரத்தைக் காட்ட முடியாத நிலையில், ஜூன் 4-ஆம் தேதி, அதாவது 13 நாட்களில், கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது. நிறுத்திய சோதனையும் அதற்கு முதல் நாளே மறுபடி தொடங்க அனுமதிக்கப்பட்டது. அம்மருந்து கொரோனா நோய்க்குப் பயன்படாது என்பது பிற்பாடு வேறு நேர்மையான சோதனைகளால் தெளிவாயிற்று. ஆனாலும் முடிவு எதுவாயினும், காட்டமுடியாத புள்ளிகளின் பேரில் கோடிக்கணக்கான மக்களின் வைத்தியத்தைத் தீர்மானிக்கலாகாது என்பதே இதில் நாம் அறியவேண்டியது.

களஞ்சியத்தால் ஆகாதவை

இவ்வளவு சொல்லியதால், நிலையெண் உள்ள புள்ளிகள் எல்லாம் மெய்யானவை என்று எண்ணிவிடக் கூடாது. ஸெனோடோ போன்ற பொதுக் களஞ்சியங்கள் புள்ளிகளின் மெய்ம்மையைச் சோதித்து ஏற்பதில்லை. பத்திரமாக வைத்து, எண் கொடுத்து, எவருடையது என்று குறிப்பது மட்டுமே அவற்றின் வேலை. பத்திரம் பதிவானதனாலேயே விற்றவனுக்குச் சொத்தில் உரிமை இருந்தது என்று ஆகிவிடாது என்பதை நாம் அறிவோம். நிலையெண் அக்மார்க் முத்திரை அன்று. அது விலாசம் மட்டுமே.

இரண்டாவதாக, மீட்டுக்கொண்ட பிறகும் முன்பே எடுத்த நகல்கள் உலவிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடிச் சென்று திரும்பப் பெற வழியில்லை. மீட்டுக்கொண்ட கட்டுரைகளை, அச்செய்தி அறியாமலே பிறர் மேற்கோள் காட்டி வருவது விஞ்ஞான உலகில் தெரிந்த விஷயமே. இதற்குப் பரிகாரமாக, மீட்கப்பட்ட கட்டுரைகளின் ஜாபிதா ஒன்றை 'ரிட்ராக்ஷன் வாட்ச்' என்ற குழுவினர் திரட்டி வந்தனர். 2023-இல் 'கிராஸ்ரெஃப்' என்னும் சங்கம் அதைப் பெற்று எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. எனினும் ஜாபிதாவைப் பார்ப்பவருக்கே அதனால் பயன். பாராதவர் மேற்சொன்ன மிராசுதாரைப் போலப் பழைய தாளையே நம்பிக்கொண்டிருப்பார்.

மூன்றாவதாக, மீட்டுக்கொள்ளுதல் எப்பொழுதும் குற்றத்தின் அடையாளம் அன்று. தம் பிழையைத் தாமே கண்டு அறிவிப்பவரைத் தண்டிக்கத் தொடங்கினால், அடுத்தவர் அறிவிக்க மாட்டார். பிழையை மறைப்பவரும் பிழையைச் சொல்பவரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர் அல்லர்.

நாம் செய்யத்தக்கவை

நிலமுடையோர், உத்தியோகஸ்தர்களோ உரக் கம்பெனி ஏஜென்டுகளோ விளைச்சல் எண்ணைச் சொல்லும்போது, பின்வரும் கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும்.

1. இச்சோதனை எந்த ஊரில், எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில், எத்தனை சென்ட் பரப்பில் நடந்தது?

2. நிறுத்த எடை எவ்வளவு? ஏக்கர்க் கணக்கு எவ்வாறு போடப்பட்டது?

3. ஒரே துண்டில் ஒருமுறை கண்டதா, பல துண்டுகளில் பல ஆண்டுகள் கண்டதா?

4. மூலப்புள்ளிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன? நிலையெண் உண்டா?

5. இதற்குப் பின் திருத்திய பதிப்பு வந்திருக்கிறதா? மீட்டுக்கொள்ளப்பட்டதா?

நான்காவது, ஐந்தாவது கேள்விகளுக்கு விடை காண்பது இப்பொழுது கடினமன்று. படித்த பிள்ளைகள் கையில் இருக்கும் போனிலேயே நிலையெண்ணை இட்டுத் தேடினால், பதிவின் பக்கம் திறக்கும். புதிய பதிப்பு உண்டு என்ற அறிவிப்போ, மீட்டுக்கொண்டதாகக் கூறும் பக்கமோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பயிர் அறுவடைச் சோதனை, மழைக்கணக்கு, அடங்கல் ஆகிய எல்லாமே பிற்பாடு யாரோ ஒருவர் நம்பி எடுத்தாளப் போகும் புள்ளிகளே. எழுதியதில் பிழை கண்டால் மையால் அழித்து மறைக்காமல், பழைய எண் படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுத்து, சரியான எண்ணை மேலே எழுதி, தேதியும் கையெழுத்தும் இடுவது நல்லது. ஜெனீவாவில் இயந்திரங்களைக் கொண்டு செய்வதும் சாராம்சத்தில் இவ்வளவுதான்.

என் அளவில், அந்த மிராசுதார் கேட்ட கேள்விக்குப் பின் செய்துகொண்ட ஏற்பாட்டையும் தெரிவித்து முடிக்கிறேன். நான் வழங்கும் ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்திலும் இப்பொழுது வரிசை எண்ணும் தேதியும் இருக்கும். துண்டின் பரப்பும் நிறுத்த எடையும் அடியில் அச்சாகியிருக்கும். திருத்திய தாளில், அது எந்த எண்ணுள்ள தாளுக்குப் பதிலாக வந்தது என்று முதல் வரியிலேயே காணலாம். செல்லாத தாள்களின் எண்களும் அவை செல்லாமற் போன காரணமும் எழுதிய ஜாபிதா ஒன்று அலுவலகத் தாழ்வாரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் முதலாவதாக இருப்பது அந்த நிலக்கடலைத் தாளே. அதற்கு அப்பொழுது எண் இல்லாமையால், 'எண்ணில்லாதது. பரப்பு 5 சென்ட் என்பதற்கு 4 சென்ட் என எழுதியது பிழை' என்று குறித்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் எவரிடமேனும் அத்தாளின் பிரதி இன்னும் இருந்தால், அதைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். சரியான கணக்கைக் கூடவே எழுதித் தருகிறேன்.